பழைய மோட்டார் சைக்கிளும் புகை டெஸ்டும்

ஒரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், வருவது சின்னத் துரையா, டீமேக்கர் ஐயாவா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம். இன்று அப்படியில்லை. லயத்துக்கு லயம் இரண்டு மூன்று வண்டிகள் இஸ்தோப்பில் நிற்கின்றன. பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டிகள்தான். ஹொண்டா சீடி 125, பஜாஜ் சீடி 100, ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர் என்று பதினைந்து இருபது வருடம் உழைத்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி தொடங்கியும், புதுசு வாங்குகிற நிலையில் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? இருக்கிற வண்டியைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டும்.

ராத்திரியில் ஒரு பிள்ளைக்கு மூச்சிழுத்தால் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது இந்த வண்டிதான். ஆனால் லைசன் இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்கு இறங்க மனசு பயப்படும். லைசன் எடுக்கப் போனால் "புகை சேர்ட்டிபிகேட் எங்கே?" என்று கேட்பார்கள். பலரும் சிக்கி நிற்கிற இடம் இதுதான். அதனால் இந்த இதழில் புகை டெஸ்டைப் பற்றி, அதிலும் குறைந்த செலவில் பாஸாவதைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "வண்டிக்கு பிட்னஸ் எடுக்கணுமாமே" என்று சிலர் நம்மிடம் கேட்டார்கள். தகுதிச் சான்றிதழ் என்பது லொறி, பஸ் போன்ற வண்டிகளுக்கு உரியது. நாம் சொந்தத் தேவைக்கு ஓட்டுகிற மோட்டார் சைக்கிளுக்கு அது வேண்டியதில்லை. வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம், அதாவது நாம் லைசன் என்று சொல்கிற அந்தத் துண்டு, எடுக்கும்போது இன்சூரன்ஸ் பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். இந்தப் பரிசோதனை 2008 ஆம் ஆண்டு மேல் மாகாணத்தில் ஆரம்பித்து, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. லாஃப்ஸ் எக்கோ ஸ்ரீ, கிளீன்கோ லங்கா என்ற இரண்டு கம்பெனிகள் இதற்காக நிலையங்களை நடத்துகின்றன.

அங்கே என்ன செய்வார்கள்? வண்டியை ஸ்டார்ட் பண்ணி, அக்ஸிலேட்டர் கொடுக்காமல் ஐட்லிங்கில் ஓடவிட்டு, சைலன்சர் வாய்க்குள் ஒரு குழாயை நுழைப்பார்கள். அந்தக் குழாய் புகையை உறிஞ்சி மெஷினுக்குக் கொடுக்கும். மெஷின் முக்கியமாக இரண்டு பொருட்களை அளக்கிறது. ஒன்று கார்பன் மொனொக்சைட். பெற்றோல் அரைகுறையாக எரிந்தால் வருவது இது. மற்றது ஹைட்ரோகார்பன். பெற்றோல் எரியாமலே வெளியே போனால் வருவது அது. அடுப்பை நினைத்துப் பாருங்கள். ஈர விறகைத் திணித்து, காற்றுப் போக வழியில்லாமல் அடைத்து வைத்தால் எப்படிப் புகை கட்டுகிறது! எஞ்சினும் ஓர் அடுப்புத்தான். காற்றும் பெற்றோலும் அளவோடு சேர்ந்து, நேரத்துக்கு நெருப்புப் பட்டால் புகை குறைவு.

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு தம்பியின் கதையைச் சொல்ல வேண்டும். பஜாஜ் வண்டி. முதல் தடவை டெஸ்டில் பெயில். கராஜ் பாஸ் ஒருத்தர் காபரேட்டரை மாற்றச் சொன்னார். மாற்றினார். மறுபடி பெயில். பிறகு இன்னொருத்தர் "எஞ்சின் போர் பண்ணணும்" என்றார். அதற்குப் பணமில்லாமல் வண்டியை இஸ்தோப்பில் நிறுத்திவிட்டார். நான்கு மாதம் அது அப்படியே நின்றது. கடைசியில் பக்கத்து டிவிசனில் லொறி ஓட்டுகிற பெரியவர் ஒருத்தர் வந்து சீட்டைக் கழற்றிப் பார்த்தால், எயார் பில்டர் தேயிலைத் தூசும் மண்ணும் ஒயிலும் சேர்ந்து களிமண் மாதிரி இறுகிக் கிடக்கிறது. பில்டரை மாற்றி, பிளக்கை மாற்றி, டெஸ்டுக்குப் போனார். பாஸ். புதுக் காபரேட்டருக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். டவுனுக்குப் போய் வந்த ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர் வேறு போனது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, பழைய வண்டி பெயிலாவதற்குப் பெரும்பாலும் எஞ்சின் காரணமல்ல என்பதைத்தான். சின்னச் சின்ன சாமான்கள்தான் காரணம். அதனால் காசு குறைந்த வேலையிலிருந்து தொடங்கி, காசு கூடிய வேலைக்குப் போக வேண்டும். நம்மாட்கள் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எயார் பில்டரில் தொடங்குங்கள். பழைய ஹொண்டாக்கள் சிலதில் பஞ்சு மாதிரி ஸ்பொஞ்ச் பில்டர் இருக்கும். அதைச் சவர்க்காரத் தண்ணியில் கழுவி, பிழியாமல் அமுக்கி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, ஒயில் இரண்டு சொட்டு தடவிப் போடலாம். கடதாசி பில்டர் என்றால் கழுவக் கூடாது. தட்டித் தூசு போக்கலாம், அல்லது மாற்றிவிடலாம். நம்ம தோட்டத்து ரோடுகளின் தூசுக்கு, டவுன் வண்டியை விட அடிக்கடி பார்க்க வேண்டும். பில்டர் அடைத்தால் காற்று குறையும், பெற்றோல் கூடும், கரும்புகை வரும்.

அடுத்தது சோக். குளிர் காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிறோம். கேபிள் துருப்பிடித்திருந்தால் நாம் தள்ளியும் அது முழுசாகத் திரும்பாது. அரைச் சோக்கிலேயே வண்டி வருடக்கணக்காக ஓடும். பெற்றோல் குடிக்கிறது என்று வண்டியைத் திட்டுவோம். லீவரை ஆட்டிப் பாருங்கள், காபரேட்டர் பக்கத்திலும் அது முழுசாக மூடுகிறதா என்று பாருங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பிளக்கைக் கழற்றினால் அது எஞ்சினின் நாக்கு மாதிரி. டொக்டர் நாக்கைப் பார்ப்பது போல நாம் அதைப் பார்க்கலாம். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதல். ஒயில் ஈரத்தோடு கறுத்திருந்தால் ஒயில் எரிகிறது. வெள்ளையாக இருந்தால் காற்று கூடுதல், எஞ்சின் சூடாகிறது. பழைய பிளக்கை உரசி உரசிப் போடுவதை விட, டெஸ்டுக்கு முன்னால் புதுசு ஒன்று போடுவது நல்லது. எந்த நம்பர் பிளக் என்பதைப் பழையதில் பார்த்து, அதையே கேட்டு வாங்குங்கள்.

எஞ்சின் ஒயிலைப் பற்றிச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பழைய ஒயிலில் பெற்றோல் கலந்திருக்கும். அந்த ஆவி பிரீதர் குழாய் வழியாகத் திரும்ப எஞ்சினுக்குள் போய் ஹைட்ரோகார்பனைக் கூட்டும். ஆகவே ஒயில் மாற்றும் தவணை எப்படியும் வருகிறதென்றால், டெஸ்டுக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். ஒரு லீட்டர் போத்தலை அப்படியே கவிழ்த்து ஊற்றிவிடாதீர்கள். 100 சீசீ வண்டிகள் பலவற்றுக்கு ஒயில் மாற்றும்போது முழுப் போத்தல் போகாது. கூடிப்போன ஒயில் பில்டருக்குள்தான் வந்து சேரும். அளவுக் குச்சியைப் பார்த்து ஊற்றுங்கள்.

சைலன்சரில் ஓட்டை, அல்லது எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் ஒழுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே கலந்து மெஷின் காட்டுவது பொய்யாகிவிடும். பரிசோதிக்கிறவர்கள் அப்படியே திருப்பி அனுப்பவும் கூடும். வண்டியை ஓடவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சைலன்சர் வாயை ஒரு நொடி அடைத்துப் பாருங்கள். வேறு எங்காவது உஸ் என்று சத்தம் வந்தால் ஓட்டை அங்கேதான். வெல்டிங் கடையில் சின்ன வேலை. (சத்தத்துக்காக சைலன்சருக்குள் இருப்பதைக் குத்தி எடுத்துப்போட்ட பிள்ளைகள் இதை அப்பாவிடம் வாசித்துக் காட்ட மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.)

இவ்வளவும் செய்த பிறகுதான் காபரேட்டர். 2022 இல் பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றோமே, அந்த நாட்களில் போத்தலிலும் கேனிலும் மாதக்கணக்கில் வைத்திருந்த பெற்றோலை ஊற்றியவர்கள் பலர். மண்ணெண்ணெய் கலந்தவர்களும் உண்டு. பழைய பெற்றோல் காபரேட்டருக்குள் பிசின் மாதிரி படியும். அதைக் கழற்றிக் கழுவுவது நல்லதுதான். ஆனால் ஜெட் என்கிற அந்தச் சின்னப் பித்தளைத் துளையை ஊசியாலும் வயராலும் குத்தாதீர்கள்! துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் பெற்றோல் கூடிவிடும், பிறகு எவ்வளவு டியூன் பண்ணினாலும் கார்பன் மொனொக்சைட் இறங்காது. கழுவி, டயர் பம்பால் காற்றடித்தால் போதும்.

டியூன் பண்ணுகிற ஸ்குரூ விசயத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த ஸ்குரூ எயார் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கு உரியது. வெளியே திருப்பினால் காற்று கூடும், கார்பன் மொனொக்சைட் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோலுக்கு உரியது. அதை உள்ளே திருப்பினால்தான் குறையும். எது என்று தெரியாமல் திருப்பினால் வேலை எதிராகப் போகும். தொடுவதற்கு முன் மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி, ஒரு துண்டில் எழுதி வையுங்கள். பிழைத்தால் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம். பிறகு எஞ்சின் சூடான நிலையில் கால் சுற்றுக் கால் சுற்றாகப் பாருங்கள். காற்றை அளவுக்கு மிஞ்சிக் கூட்டினாலும் எஞ்சின் விக்கும், எரியாத பெற்றோல் வெளியே போகும், ஹைட்ரோகார்பன் ஏறும்.

டெப்பட் இடைவெளியும் இந்த இடத்தில் சேர்ந்ததுதான். எஞ்சின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது, தெரிந்த பாஸிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதை அனுபவமில்லாதவர் தொட வேண்டாம்.

இனி மலைநாட்டுக்காரர்களான நமக்கென்றே இருக்கிற ஒரு விசயம். கம்மடுவையிலிருந்தோ எல்கடுவையிலிருந்தோ டெஸ்டுக்கு இறங்குகிறவர் என்ன செய்கிறார்? பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தியோ, அக்ஸிலேட்டர் கொடுக்காமலோ இறக்கம் முழுக்க உருட்டிக்கொண்டு வருகிறார். ஒரு மணி நேரம் ஓடிவந்த வண்டி என்று அவர் நினைக்கிறார். எஞ்சினோ ஆறிப்போயிருக்கிறது, பிளக்கில் கரி பிடித்திருக்கிறது. நேரே போய் வரிசையில் நின்றால் பெயில். "நேத்து கராஜில பாத்தப்ப நல்லா இருந்துச்சே" என்று தலையில் கை வைத்துக்கொள்கிறார். ஆகவே டவுனுக்கு வந்ததும், சமதரையில் பத்துப் பதினைந்து நிமிடம் மூன்றாம் கியரில் நன்றாக ஓட்டி, எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு உள்ளே போங்கள். வரிசை நீளமாக இருந்தால், நம்முடைய முறை வருவதற்கு முன் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி உருட்டுவது பிரேக்குக்கும் ஆபத்து என்பது வேறு கதை.

உயரமும் கணக்கில் வரும். மாத்தளை டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 360 மீட்டர். நம்ம தோட்டங்கள் பல அதைவிட எத்தனையோ நூறு மீட்டர் மேலே இருக்கின்றன. 1000 மீட்டர் ஏறினால் காற்று கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு ஐதாகிவிடும். காற்று ஐதானால் அதே காபரேட்டரில் பெற்றோல் கூடிய மாதிரி ஆகும். அதனால் மேலே தோட்டத்தில் கச்சிதமாக டியூன் பண்ணியது கீழே வந்ததும் மாறிவிடும். கடைசி டியூனிங்கை டெஸ்ட் எடுக்கிற டவுனிலேயே, அதே நாளில் செய்துகொள்வது புத்தி.

பெயிலானால் மனமுடைய வேண்டாம், அவர்களோடு சண்டைக்குப் போகவும் வேண்டாம். மெஷின் காட்டிய கணக்கைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எது கூடியது என்பதுதான் உங்களுக்கு மருந்துச் சீட்டு. கார்பன் மொனொக்சைட் கூடியிருந்தால் பெற்றோல் கூடுதல், அதாவது பில்டர், சோக், காபரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் கூடியிருந்தால் நெருப்பு ஒழுங்காகப் படவில்லை, அல்லது ஒயில் எரிகிறது. பிளக், டெப்பட், ஒயில் பக்கம் பாருங்கள். இந்த இரண்டு இலக்கங்களைக் கொண்டுபோய்க் காட்டினால், நல்ல பாஸ் ஒருவர் உங்களுடைய காசை வீணாக்க மாட்டார். இலக்கத்தைக் கேட்காமலே "எஞ்சின் கழற்றணும்" என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எஞ்சின் கழற்ற வேண்டிய வண்டியும் இருக்கத்தான் செய்கிறது. அதற்கு அடையாளம் நீலப் புகை. அக்ஸிலேட்டரை விட்டுத் திரும்பக் கொடுக்கும்போது மட்டும் நீலமாக வந்தால் பெரும்பாலும் வால்வ் சீல், அது பெரிய செலவில்லை. ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து நீலமாக வந்தால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கிறது. அப்போது செலவைக் கணக்குப் போட்டு, வண்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். பழைய 2 ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதில் ஒயில் எரியத்தான் செய்யும். "கொஞ்சம் கூட இருந்தா எஞ்சினுக்கு நல்லது" என்று ஒயிலைக் கூட்டி ஊற்றாமல் சொன்ன அளவில் ஊற்றி, சைலன்சரில் கட்டிய கரியைச் சுத்தம் பண்ணினாலே பாதிப் புகை போய்விடும்.

பெற்றோலில் ஸ்பிரிட் ஊற்று, தின்னர் ஊற்று, அன்றைக்கு மட்டும் பாஸாகும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காபரேட்டருக்குள் இருக்கிற றப்பர் சாமான்கள் ஊதிப்போய், பெற்றோல் ஒழுகி, அடுத்த மாதம் இரட்டைச் செலவு வரும். சேர்ட்டிபிகேட்டை மட்டும் எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கிற புரோக்கர்மாரிடம் போகவே வேண்டாம்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. மழை என்று வண்டியை லயத்துக் காம்பராவுக்குள் ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டார்ட் பண்ணி டியூன் பார்ப்பதை அனுமதிக்காதீர்கள். மேலே சொன்ன கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. அடைத்த அறையில் அது சேர்ந்தால் தலைவலி, மயக்கம் வந்து, தூங்குகிற பிள்ளை எழும்பாமலே போகலாம். அடுப்புக்குப் பக்கத்தில் பெற்றோலில் சாமான் கழுவுவதும் அப்படித்தான். எல்லாம் வெளியே, வாசலில் நடக்கட்டும்.

இன்னுமொன்று. இந்த டெஸ்ட் புகையை மட்டும்தான் பார்க்கிறது. பிரேக் பிடிக்கிறதா, டயரில் பூ இருக்கிறதா, செயின் தொங்குகிறதா என்பதை அது சொல்லாது. பாஸான துண்டு கையில் இருக்கிறது என்பதற்காக, மொட்டை டயரோடு மழைக் காலத்தில் ரத்தோட்டை ரோட்டில் இறங்க முடியுமா? கராஜுக்குப் போகிற அதே நாளில் பிரேக் சூவையும் பார்த்துவிடுங்கள்.

லைசன் முடியும் திகதிக்கு மூன்று நான்கு வாரம் முன்னாலேயே வேலையைத் தொடங்குங்கள். கடைசி நாளில் போய்ப் பெயிலானால், திருத்தி வருவதற்குள் தாமதக் கட்டணம் சேரும். முடிந்தால் சம்பள நாளுக்கு அடுத்த சனிக்கிழமையை விட்டு, கூட்டம் குறைந்த நாளில் போங்கள். போகும்போது பழைய லைசனையும் பதிவுப் புத்தகத்தின் பிரதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் எவ்வளவு, பெயிலானால் மறுபடி பார்க்க எவ்வளவு என்பதைக் காசு கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ட்டிபிகேட் கைக்கு வந்ததும் அந்த இடத்திலேயே வண்டி இலக்கம் சரியாக அடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் பிரதேச செயலகத்தில் திருப்பி அனுப்புவார்கள், இன்னொரு நாள் பேர் போகும். சரியாக இருந்தால் ஒரு போட்டோ கொப்பி எடுத்து வீட்டில் வைத்துவிட்டு, இன்சூரன்ஸ் பத்திரத்தோடு அசலைக் கொண்டு நேரே லைசன் கவுண்டருக்குப் போங்கள்.